ஒப்பனையால் காட்ட முடியாத அடையாளம்

திரைப்படத்தில் ஒருவர் முகத்தில் நீண்ட தழும்புடன் வந்து நிற்கின்றார். இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனாலும் அவர்தான் வில்லன் என்பது படம் பார்த்துக்கொண்டிருக்கும் சின்னப் பிள்ளைக்கும் விளங்கிவிடுகின்றது. கதாநாயகிக்கோ படம் முடியும்வரை கன்னத்தில் ஒரு பருக்கூட வருவதில்லை. தோல் எப்படியோ குணமும் அப்படி என்ற இந்தக் கணக்கை நாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. திரையிலும் மேடையிலும் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டோம்.

அழகுபடுத்தும் ஒப்பனை பற்றிப் பெண்களுக்கான பக்கங்களில் மாதந்தோறும் எழுதப்படுகின்றது. நோயையும் காயத்தையும் தழும்பையும் தோலில் உருவாக்கிக் காட்டும் ஒப்பனை பற்றிப் பேசப்படுவது மிகக் குறைவு. ஆனால் அந்த ஒப்பனை பெண்களாகிய எமது உடல் நலத்துடனும் மானத்துடனும் நெருங்கிய தொடர்புடையது. ஆகவே இம்மாதம் அதைப் பற்றி உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

மெழுகில் தொடங்கிய கலை

நோயுற்ற தோலைப் போலச் செய்து காட்டும் இக்கலையை வளர்த்ததில் வைத்தியசாலைகளுக்குப் பெரும் பங்குண்டு. வர்ணப் புகைப்படம் இல்லாத காலத்தில், ஒரு தோல்நோய் எப்படி இருக்கும் என்று மருத்துவ மாணவர்களுக்குக் காட்டுவது கடினமாக இருந்தது. இலண்டன் கைஸ் வைத்தியசாலையில் ஜோசப் டவுன் என்பவர் 1826 தொடக்கம் 1879இல் இறக்கும்வரை மெழுகு உருவங்களைச் செய்துகொண்டிருந்தார்.

பாரிஸ் நகரத்தின் சென் லூயி வைத்தியசாலைக் கதை இன்னும் சுவையானது. ஜூல் பரெத்தா என்பவர் காகிதக் கூழினால் பழங்கள் செய்து விற்று வந்தவர். அப்பழங்கள் அசல் பழங்களைப் போலவே இருந்ததைக் கண்ட லையே என்ற வைத்தியர் அவரை வைத்தியசாலைக்கு அழைத்து வந்தார். நோயாளியின் தோலில் பிளாஸ்ரரை ஊற்றி அச்செடுப்பது, அந்த அச்சில் மெழுகை வார்ப்பது, நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நிறம் தீட்டுவது என்பதாக அவரது வேலை அமைந்தது. 1889இல் அங்கு திறக்கப்பட்ட நூதனசாலையில் இன்றும் 4,800க்கும் மேற்பட்ட மெழுகு உருவங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பின்னால், பிளாஸ்ரர் இறுகும்வரை அசையாது கிடந்த ஒரு மனிதரோ மனுசியோ இருக்கின்றார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அச்சில் வார்ப்பது என்று பொருள்படும் ‘மூலாஜ்’ என்ற பிரெஞ்சுச் சொல்தான் இன்றும் மருத்துவப் பயிற்சி ஒப்பனைக்குப் பெயராக இருக்கின்றது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், காயம்பட்டவர்களாக ஒப்பனையிட்டு நடிப்பதற்கென்றே இங்கிலாந்தில் ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. முதலுதவி பழகுபவர் உண்மையான இரத்தத்தைக் கண்டு முதன்முறையாக உறைந்துபோய் நிற்கக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

செய்யும் முறை

திரைப்படங்களில் இவ்வேலை பல நாட்களுக்கு முன்னரே தொடங்கிவிடும். கடற்பாசியிலிருந்து பெறப்படும் ஒரு மாவைக் கரைத்து நடிகரின் முகத்தில் பூசி அச்செடுப்பார்கள். அந்த அச்சில் வார்த்த முகத்தின் மேல் களிமண்ணால் தழும்பையோ கொப்புளத்தையோ வடிவமைத்து, மறுபடியும் அச்செடுத்து, சிலிக்கனில் வார்த்துப் பசையால் ஒட்டுவார்கள். ஓரம் தெரியாதபடி கடதாசியிலும் மெல்லியதாக அதைத் தேய்த்துவிடுவதில்தான் கலைஞரின் திறமை தெரியும். கொலோடியன் என்ற திரவமும் உண்டு. அது தோலில் காயும்போது சுருங்கி, தோலை உள்ளே இழுத்து, பழைய வெட்டுத் தழும்பு போலக் காட்டும்.

பாடசாலை நாடகத்துக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. ஜெலற்றின், கிளிசரின், தண்ணீர் மூன்றையும் சம அளவில் கலந்து, சுடுநீரின் மேல் வைத்து உருக்கினால் தீக்காயமும் கொப்புளமும் செய்துவிடலாம். ஆனால் சில விடயங்களில் கவனம் வேண்டும். குழந்தைக்குப் பால் கொடுக்குமுன் கையில் விட்டுப் பார்ப்பதுபோல, கலவை ஆறிவிட்டதா என்று பார்த்தே பூச வேண்டும். இறப்பர்ப் பாலில் செய்யப்படும் லேற்றெக்ஸ் சிலருக்கு ஒவ்வாமையை ஏற்படுத்தும். அதனால் எந்தப் பூச்சையும் முதல் நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்ப்பது நல்லது. ஜெலற்றின் விலங்குகளின் தோல், எலும்பு என்பவற்றிலிருந்து பெறப்படுவது. எனவே பூசிக்கொள்ளப்போகும் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் அதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும்.

உண்மைபோல இருப்பதற்கு எல்லாவற்றிலும் முக்கியமானது நிறம். தோல் ஒரே நிறமுள்ள துணி அல்ல. அது ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. கீழே ஓடும் இரத்தத்தின் நிறமும் மேலே தெரியும். ஆகவேதான் நல்ல கலைஞர் ஒரே பூச்சில் வேலையை முடிப்பதில்லை. கிழித்த பஞ்சால் புள்ளி புள்ளியாக, மெல்லிய படைகளாக நிறங்களை ஏற்றிச் செல்வார்.

இங்கேதான் எமது தோலுக்கு அநீதி நடக்கின்றது. பெரும்பாலான மருத்துவ நூல்களின் படங்கள் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. அந்தத் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியும். கறுத்த, மாநிறத் தோலில் அதே அழற்சி ஊதா கலந்த நிறமாகவோ கருங்கபில நிறமாகவோ தெரியும். சிவப்பையே தேடப் பழகிய கண் எமது பிள்ளைகளின் தோலில் நோயைக் காணத் தவறிவிடும். இலண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே என்ற இளைஞர் இக்குறையை உணர்ந்து, கறுத்த, மாநிறத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்பதைக் காட்டும் கைந்நூல் ஒன்றைத் தமது ஆசிரியர்களுடன் சேர்ந்து 2020இல் வெளியிட்டார். பயிற்சிக்காக ஒப்பனை செய்பவர்களும் இதை மனதிற்கொள்ள வேண்டும். எமது கையில் வெள்ளைக்காரரின் நோயைத் தீட்டி வைத்தால் யாருக்கும் பயனில்லை.

‘இரத்தக்கண்ணீர்’ பதித்த உருவம்

தமிழில் தோல்நோய் ஒப்பனை என்றவுடன் எம்.ஆர்.ராதாதான் நினைவுக்கு வருவார். நாடகமாகப் புகழ்பெற்று 1954இல் திரைப்படமாகவும் வந்த ‘இரத்தக்கண்ணீர்’ படத்தில் அவர் தொழுநோயாளியாக நடித்தார். எமது அம்மம்மாமார் காலத்திலிருந்து இன்றுவரை அந்த முகமும் கைகளும் குரலும் மனங்களில் நிலைத்துள்ளன. நடிப்பைப் பொறுத்தவரை அது மாபெரும் சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்தக் கதை நோயைப் பற்றிச் சொல்லித் தந்தது என்ன? மனைவியை உதாசீனம் செய்து, தாசி வீடே கதியென்று கிடந்தவனுக்குத் தண்டனையாக நோய் வருகின்றது. அதாவது தொழுநோய் ஒழுக்கக்கேட்டின் கூலி என்பதாகின்றது. எர்விங் கொஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963இல் களங்கம் பற்றி எழுதிய நூலில் ஒரு செய்தியைக் குறிப்பிடுகின்றார். பண்டைய கிரேக்கத்தில் அடிமைகள், குற்றவாளிகள், துரோகிகள் ஆகியோரின் உடலில் வெட்டியோ சுட்டோ ஓர் அடையாளம் இடப்பட்டதாம். அந்த அடையாளத்தின் பெயர்தான் பிற்காலத்தில் களங்கத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று. பல்கலைக்கழகத்தில் அதைப் படித்தபோது பழைய கதையாகத் தோன்றியது. வேலைக்கு வந்த பின்னர்தான், கெட்டவனுக்கு அடையாளம் இடும் அதே வேலையை ஒப்பனை அறைகளிலும் செய்து வருகின்றார்கள் என்பது விளங்கியது.

உண்மை வேறு. தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. ஒழுக்கத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சிகிச்சை பெறாத நோயாளியுடன் நெடுங்காலம் நெருங்கிப் பழகும்போது சுவாசத்தின் வழியாகத் தொற்றுகின்றது. பெரும்பாலானவர்களின் உடலில் அதை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. விரல்கள் தாமாக உதிர்ந்து விழுவதுமில்லை. நரம்பு பாதிக்கப்படுவதால் சூடும் நோவும் தெரியாமல் போகின்றது. தெரியாமல் சுட்டுக்கொள்வதாலும் வெட்டிக்கொள்வதாலும், புண் ஆழமாகிப் போவதாலுமே விரல்கள் சேதமடைகின்றன. நாளாந்தம் அடுப்பில் வேலை செய்யும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று நான் சொல்லத் தேவையில்லை.

எமது நாட்டில் ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் தொழுநோய் வைத்தியசாலையை அமைத்தனர். 1901இல் நோயாளர்களைப் பிரித்து வைப்பதற்கான கட்டளைச் சட்டம் வந்தது. மட்டக்களப்பு வாவியில் உள்ள மாந்தீவுக்கு அனுப்பப்பட்டவர்களின் கதைகளைக் கிழக்கில் முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை 1983இல் இங்கு அறிமுகமானது. 1990இல், இந்நோய் குணமாகும், பயப்படத் தேவையில்லை என்ற செய்தியைத் தொலைக்காட்சி, வானொலி, சுவரொட்டிகள் மூலம் பரப்பும் பெரிய இயக்கம் நடத்தப்பட்டது. 1995இல் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நோய் நீங்கிவிட்டதாகக் கணிக்கப்பட்டது. அப்படியிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர்கள் நாட்டில் இனங்காணப்படுகின்றார்கள். அவர்களிடையே சிறு பிள்ளைகளும் உள்ளனர்.

ஏன் இன்னும் பிந்தி வருகின்றார்கள்? ஒரு காரணம் அந்தப் பழைய ஒப்பனை என்பது எனது எண்ணம். குட்டம் என்றால் மூக்குச் சிதைந்து விரல் மடங்கியிருக்கும் என்று மனதில் பதித்து வைத்திருக்கின்றோம். சிகிச்சை இல்லாமல் பல வருடங்கள் போன பின்னர் வரும் நிலை அது. நோயின் முதற்குறி, கையிலோ முதுகிலோ தோன்றும் சாதாரண வெளிறிய அடையாளம். அதைக் கண்டு ஒருவருக்கும் பயம் வருவதில்லை. அதனால் ஒருவரும் அதைக் காட்டுவதுமில்லை.

நான்கு கைகள்

கிராமத்து மாதர் சங்கங்களுடன் நாம் நடத்தும் சுகாதார வகுப்பு ஒன்றில் இதை வேறு விதமாகச் செய்து பார்த்தோம். நாடக ஒப்பனை தெரிந்த ஒரு தங்கச்சி எம்முடன் வேலை செய்கின்றா. துண்டுப் பிரசுரம் வாசிப்பதற்குப் பதிலாக, நான்கு பெண்பிள்ளைகளின் முன்னங்கைகளில் அவ நான்கு அடையாளங்களைத் தீட்டினா.

முதலாவது கையில் தேமல்: சின்னச் சின்ன வெளிறிய புள்ளிகள், மேலே மெல்லிய செதில் தெரிவதற்கு முகப்பவுடர். இரண்டாவது கையில் படர்தாமரை: ஓரம் தடித்த வளையம், நடுவில் தெளிந்த தோல். மூன்றாவது கையில் வெண்புள்ளி: பால் போன்ற வெள்ளை, ஓரம் கத்தரித்ததுபோலத் துலக்கமாக. நான்காவது கையில்தான் தொழுநோயின் முதல் அடையாளம். அது ஆகக் கடினமானது என்று தங்கச்சி சொன்னா. வெள்ளை கூடினால் வெண்புள்ளியாகிவிடும். ஆகவே கையின் நிறத்தைவிட ஒருபடி மாத்திரம் வெளிறிய நிறத்தில், செம்பு நிறத்தைத் துளியளவு கலந்து, மினுக்கம் இல்லாமல் வரட்சியாகத் தெரியும்படி மாப்பூசி முடித்தா.

நான்கு கைகளையும் மேசையில் வரிசையாக வைத்து, “இதில் எது குட்டம்?” என்று கேட்டோம். வந்திருந்த பெண்கள் ஏறக்குறைய எல்லோரும் பால் வெள்ளையான மூன்றாவது கையைக் காட்டினார்கள். நான்காவதை ஒருவரும் காட்டவில்லை. “இது வெயில் பட்டது, மிஸ்” என்றா ஒரு அம்மா.

வெண்புள்ளியை ‘வெண்குட்டம்’ என்று நாம் அழைத்து வருவதால் எத்தனை பெண்களின் திருமணம் நின்றுபோயிருக்கின்றது என்பதை யோசித்துப் பாருங்கள். வெண்புள்ளி குட்டமும் அல்ல, தொற்றுவதும் அல்ல. தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்கள் அழிவதால் வருவது. பெயரிலே நாம் செய்த ஒப்பனை அது.

பின்னர் பஞ்சை மெல்லிய திரியாகத் திரித்து, கண்களை மூடச் சொல்லி, தொட்ட இடத்தை விரலால் காட்டும்படி ஒவ்வொரு பிள்ளையிடமும் சொன்னோம். நான்கு பேருமே சரியாகக் காட்டினார்கள். தொழுநோயாகத் தீட்டப்பட்ட கையில் தொட்டபோதும் அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு அதே இடத்தைக் காட்டினா. எல்லோரும் சிரித்தார்கள். “உண்மையான அடையாளம் என்றால் இந்த இடத்தில் பஞ்சு பட்டது இவவுக்குத் தெரிந்திருக்காது” என்று நான் சொன்னதும் அவ்விடம் அமைதியாகிவிட்டது. நிறத்தைத் தீட்டலாம், செதிலைத் தீட்டலாம். உணர்ச்சியற்றுப் போனதை எந்த நிறத்தாலும் தீட்ட முடியாது. அது தொட்டுப் பார்த்தே அறிய வேண்டியது.

வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டும்போது ஒரு தாய் என்னருகில் வந்தா. “மிஸ், என்ர கையிலயும் ஒண்டு கிடக்கு. கடிக்கிறேல்ல, நோகிறேல்ல. அதாலதான் சும்மா விட்டிட்டன்” என்றா. சட்டைக் கையை உயர்த்தினா. அடையாளத்துக்குக் கீழே ஆறிய சூட்டுக் காயம் ஒன்று இருந்தது. தாச்சிக் காது பட்டதாம். பட்டது தெரியவில்லையாம், மகள் கண்டுதான் சொன்னாளாம்.

வைத்தியசாலையில் தொழுநோய் என்று உறுதிப்படுத்தினார்கள். 12 மாத மருந்து, செலவு எதுவுமில்லை. வீட்டிலுள்ள எல்லோரையும் பரிசோதித்தார்கள். மருந்தில் ஒரு வகை தோலைக் கறுக்கச் செய்யும். நிறுத்திய பின்னர் மெல்ல மெல்லப் பழைய நிறம் திரும்பும். இதை முன்னரே சொல்லி வைத்திருந்தும் அவ பயந்தா. “சனம் கேட்டா என்ன சொல்லுறது?” என்று மூன்று தடவை கேட்டா. வெயில் என்று சொல்ல முடிவெடுத்தா. அது அவவின் முடிவு, நான் மறுக்கவில்லை. மருந்தை ஒரு நாளும் விடவில்லை. நோய் குணமாகிவிட்டது. ஆனால் சின்னி விரலின் பலம் முழுமையாகத் திரும்பவில்லை. அவவின் கையில் அந்த அடையாளம் வந்து இரண்டு வருடங்களுக்கு மேலாகியிருந்தது. அந்த இரண்டு வருடங்களில் அவ எத்தனையோ தடவை வைத்தியசாலைக்குப் போயிருக்கின்றா, பிள்ளைகளின் தடிமனுக்கும் மாமியாரின் பிறசருக்கும்.

எமது பெண்களின் நிலை இதுதான். தனது உடலில் நோகாத ஒன்றைக் காட்டுவதற்கென்று ஒரு நாளை ஒதுக்க அவர்களுக்கு முடிவதில்லை. சேலைக்கும் சட்டைக்கும் உள்ளே இருப்பதை ஆண் வைத்தியரிடம் காட்டுவதற்குக் கூச்சம். காட்டினால் குடும்பத்தில் குமர்ப்பிள்ளைகளின் கலியாணம் என்னவாகும் என்ற பயம் வேறு.

மாறத் தொடங்கிய திரை

வெளிநாடுகளில் இதற்கு எதிரான குரல்கள் எழுந்துள்ளன. முகத்தில் தழும்பு, அடையாளம் உள்ளவர்களுக்காகப் பிரித்தானியாவில் பணிபுரியும் ஓர் அமைப்பு, ‘நான் உங்கள் வில்லன் அல்ல’ என்ற இயக்கத்தை 2018இல் தொடங்கியது. தழும்பைக் காட்டித் தீயவரைச் சித்திரிக்கும் படங்களுக்கு இனி நிதி வழங்குவதில்லை என்று பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் அதே ஆண்டில் அறிவித்தது. அடுத்த ஆண்டு வெளியான ‘டேர்ட்டி கோட்’ படத்தில், தீக்காயத் தழும்புகளுடன் வாழும் விக்கி நைட் கதாநாயகியாக நடித்தார். 2020இல் வந்த ‘சப்பாக்’ என்ற ஹிந்திப் படத்தில் தீபிகா படுகோன் அசிட் வீச்சுக்குள்ளான பெண்ணாக ஒப்பனையிட்டு நடித்தார்; அசிட் வீச்சிலிருந்து மீண்ட பெண்களும் அதில் தோன்றினார்கள். தழும்புள்ள பெண் அழவும் கோபப்படவும் வழக்குப் பேசவும் காதலிக்கவும் கூடியவள் என்று அந்தப் படம் காட்டியது. கலைஞர் எடுத்த தூரிகை அதேதான். யாருக்காக எடுத்தார் என்பதே வேறுபாடு.

ஆகவே பாடசாலைகளில் நாடகம் பழக்கும் ஆசிரியைமாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கெட்டவனுக்கு ஒப்பனை செய்யும்போது அவன் முகத்தில் தழும்பை வரையாதீர்கள். பார்வையாளர் வரிசையில் குப்பி விளக்குக் கவிழ்ந்து சுட்ட ஒரு பிள்ளையோ, குண்டுச் சிதறல் பட்ட ஒரு தாயோ இருக்கக்கூடும். முப்பது வருட யுத்தம் நடந்த நாட்டில் தழும்பு யாருடைய குணத்தையும் சொல்வதில்லை.

சகோதரிகளே, உங்களிடமும் ஒன்று கேட்கின்றேன். பிள்ளைகளைக் குளிக்க வார்க்கும்போது முதுகையும் கைகால்களையும் ஒரு தடவை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெளிறிய அல்லது செம்பு நிறமான, கடிக்காத, நோகாத அடையாளம் இருந்தால் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். உணர்ச்சி குறைவாகத் தோன்றினாலும், சந்தேகமாகவே இருந்தாலும், அரசாங்க வைத்தியசாலையின் தோல்நோய்ப் பிரிவுக்குப் போங்கள். போகத் தயக்கமென்றால் முதலில் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பிள்ளையைப் பார்த்து முடிந்ததும் உங்கள் கைகளையும் ஒரு தடவை பாருங்கள். உங்கள் முதுகைப் பார்க்கும்படி அக்காவிடமோ மகளிடமோ சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. அதைப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும் நாளுக்கென்று தள்ளி வைக்காதீர்கள்.